குப்பியோடு குறிப்பும் போகட்டும்: ஆப்டோஜெனிடிக்ஸ் கருவிகளையும் ஆய்வையும் பகிர்வதற்கு ஒரு முழு வழிகாட்டி

கோடையில் கன்னியாகுமரி மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துப் பக்கம் போயிருக்கிறீர்களா? பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட, உப்பு பூக்கும் முன்னால், சில நேரம் லேசாகச் சிவப்பு ஏறும். எதுவும் பிழைக்காது என்று நாம் நினைக்கும் அந்தக் கரிப்புத் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஹாலோபாக்டீரியத்தில்தான் டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட்டும் வால்தர் ஸ்டோக்கனியஸும் 1971-இல் பாக்டீரியோரோடாப்சினை அடையாளம் கண்டார்கள். அது வெளிச்சம் பட்டால் செல்லுக்கு வெளியே புரோட்டானைத் தள்ளும் புரதம். குளத்துத் தண்ணீரைப் பச்சையாக்கும் கூட்டத்தில் ஒன்றான கிளமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியிலிருந்து, 2002, 2003-ஆம் ஆண்டுகளில் கியோர்க் நாகல், பீட்டர் ஹெகமன், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோர் சேனல்ரோடாப்சின்களை வெளிக்கொண்டுவந்தார்கள். அது வெளிச்சம் பட்டால் திறக்கும் வாசல்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய விஷயம். 2004-இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த கார்ல் டைசராத், ஜெர்மனியில் இருந்த நாகலுக்கு எழுதி அந்த மரபணுவைக் கேட்டார். அவரும் கொடுத்தார். அதே ஆகஸ்டில் எட் பாய்டன் ஒரு நள்ளிரவில், அந்த மரபணு ஏற்றிய நரம்பணு மீது நீல ஒளியைப் பாய்ச்ச, நரம்பணு மின்துடிப்பு விட்டது. 2005-இல் கட்டுரை வந்தது. ஒருவர் கேட்டதும் இன்னொருவர் கொடுத்ததும் இல்லையென்றால், இப்படிப்பட்ட புரதங்களை நரம்பணுவில் ஏற்றி ஒளியாலேயே அதை இயக்கும் ஆப்டோஜெனிடிக்ஸ் என்ற இந்தத் துறை இன்னும் சில வருடம் தள்ளித்தான் பிறந்திருக்கும்.

இந்த வழிகாட்டி யாருக்கு? நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் படித்து, பெங்களூருக்கோ புனேக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் முனைவர் பட்டம் முடித்து, திரும்பி வந்து ஒரு சின்ன அறையில் ஆய்வைத் தொடர்கிறவர்களுக்கு. நானும் அந்த ரகம்தான். விலங்கியல் துறையின் பின்கட்டில் ஒரு அறை, ஒரு இன்குபேட்டர், முந்நூற்றுச் சொச்சம் பழ ஈக் குப்பிகள், ஒரு இன்வெர்ட்டர். பெரிய ஆய்வகத்தில் ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுவிடலாம். இங்கே பக்கத்து மேசையில் மண்புழு உரம் செய்கிறார்கள். அதனால் பகிர்வு நமக்கு நாகரிகத்துக்காகச் செய்கிற காரியம் இல்லை. அது இல்லாமல் ஆய்வே ஓடாது.

எதைப் பகிர்கிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

'ஆய்வைப் பகிர்கிறேன்' என்று சொல்லிப் பலரும் செய்வது கட்டுரையின் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அது பகிர்வில் கால்வாசி. ஆப்டோஜெனிடிக்ஸில் கைமாற வேண்டியவை நாலு: மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (வளையமான டிஎன்ஏ) அல்லது வைரஸ், அதை ஏந்திய உயிரினம், ஒளி கொடுக்கும் கருவியும் அதை ஓட்டும் நிரலும், கடைசியாகக் கைப்பக்குவம். முதல் மூன்றையும் பொட்டலம் கட்டிவிடலாம். நாலாவதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். வேலை கெடுவதும் அதனால்தான்.

என் கதையையே சொல்கிறேன். வெளியூர் ஆய்வகம் ஒன்று மனமுவந்து ஒரு ஈ இனத்தை அனுப்பியது. புழுவின் வலி உணரும் நரம்பணுக்களில், சிவப்பு ஒளிக்கும் திறக்கும் சிஎஸ்கிரிம்சன் என்ற சேனல்ரோடாப்சின் வகையை ஏற்றியது. சிவப்பு ஒளி பட்டால் புழு உருள வேண்டும். காட்டில் ஒட்டுண்ணிக் குளவி கொடுக்கால் குத்தும்போது தப்பிக்க அது செய்கிற அதே வித்தை. எங்கள் புழுக்கள் ஆறு வாரம் உருளவில்லை. சிவப்பு விளக்கின் கீழே கடற்கரையில் காற்று வாங்குகிறவர்கள் மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. விளக்கை மாற்றினோம், அந்தச் சேனல் ஒளியைப் பிடிக்கத் தேவையான ரெட்டினல் என்ற பொருளைப் புதிதாக வாங்கினோம் (விலையைக் கேட்காதீர்கள்). கடைசியில் வெட்கத்தை விட்டு ஃபோன் போட்டேன். எடுத்த பையன் சொன்னான்: "சார், முட்டை போடுற தாய் ஈக்கும் மூணு நாள் முன்னாடியே ரெட்டினல் கொடுப்போம். ஈஸ்ட் பேஸ்ட்ல கலந்துதான் கொடுப்போம். கட்டுரைல போடலையா?" போடவில்லை. மறுவாரம் புழு உருண்டது.

இனி வருகிற எல்லாப் படிகளும் அந்த ஆறு வாரத்தைப் பிறருக்கு மிச்சப்படுத்துவதற்காக.

முதல் படி: அனுமதி

இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், சுவையான பகுதி இல்லை. மரபணு மாற்றிய எந்த உயிரும் நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகளுக்கு உட்பட்டது. உங்கள் நிறுவனத்தில் உயிரிப்பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் முன்னால் அதற்குத் தெரியப்படுத்தி ஒப்புதல் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருவது என்றால் அந்தக் காகிதம் இல்லாமல் சுங்கத்தில் பெட்டி நிற்கும், உள்ளே இருப்பது செத்துப்போகும். எலி வைத்து வேலை செய்தால் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனி.

இன்னொன்று, நல்ல மனசுக்காரர்கள் தெரியாமல் செய்யும் தப்பு. ஆட்ஜீன் என்ற அமெரிக்க லாபநோக்கற்ற அமைப்பு 2004 முதல் பிளாஸ்மிட்களைச் சேமித்து உலகமெங்கும் அனுப்புகிறது. ஆப்டோஜெனிடிக்ஸ் பிளாஸ்மிட்களில் பெரும்பாலானவை அங்கே கிடைக்கும். வாங்கும்போது ஒரு பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் உங்கள் நிறுவனம் கையெழுத்துப் போடுகிறது. அதன்படி அந்தப் பிளாஸ்மிட்டை, கொடுத்தவர் சம்மதம் இல்லாமல், உங்கள் கண்காணிப்பில் இல்லாத வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. பக்கத்துக் கல்லூரி நண்பர் கேட்டாலும் ஆட்ஜீன் எண்ணைக் கொடுத்து நேரே வாங்கச் சொல்லுங்கள். நீங்களே கட்டிய பிளாஸ்மிட் என்றால் அதை அங்கே ஒப்படைத்துவிடுவது உத்தமம். பத்து வருடம் கழித்து ஒருவர் கேட்கும்போது நம் ஃப்ரீசர் உயிரோடு இருக்குமா என்பதற்கு நம்மூர் மின்வாரியத்தின் தயவு வேண்டும்.

ஈக்காரர்களின் வழக்கம் இன்னும் தாராளமானது. 1934-லேயே பிரிட்ஜஸும் டெமெரெக்கும் 'டிரோசோஃபிலா இன்ஃபர்மேஷன் சர்வீஸ்' என்று ஒரு இதழைத் தொடங்கி, யாரிடம் என்ன இனம் இருக்கிறது என்ற பட்டியலை எல்லோருக்கும் அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்று அமெரிக்காவின் ப்ளூமிங்டன் சேமிப்பகத்தில் ஒளிக் கருவிகள் ஏந்திய இனங்கள் கிடைக்கின்றன. பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) வளாகத்திலும் ஈ வசதி மையம் இருக்கிறது. கடல் தாண்டும் முன்னால் அங்கே ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாம் படி: கருவிச் சீட்டு

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். எங்கள் அறையில் இருந்து வெளியே போகும் ஒவ்வொரு குப்பியோடும் ஒரு பக்கச் சீட்டு போகும். மாணவர்கள் இதை 'சாதகம்' என்பார்கள். பிறந்த இடம், குலம், கோத்திரம், தோஷம் எல்லாம் அதில் இருக்கும்.

பிறப்பு: எங்கிருந்து, எந்த மாதம் வந்தது, சேமிப்பக எண் என்ன, மரபணு எந்தக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது, அந்த மரபணு தலைமுறை தாண்டித் தொலையாமல் காக்கும் எந்த பேலன்சர் குரோமோசோமோடு வளர்க்கிறோம். ஆய்வுப் பொருளுக்கு உலகப் பொது அடையாளமான ஆர்ஆர்ஐடி எண் இருந்தால் அதுவும். 'கிரிம்சன் ஈ' என்று மட்டும் எழுதுவது 'கோட்டாறு பக்கத்து வீடு' என்று முகவரி எழுதுவது மாதிரி.

அடுத்து ஒளி. இங்கேதான் கட்டுரைகள் மோசமாகக் கோட்டை விடுகின்றன. 'நீல ஒளி, 10 மில்லிவாட்' என்று எழுதியிருப்பார்கள். 200 மைக்ரான் விட்டமுள்ள ஒளியிழையின் முனையில் 10 மில்லிவாட் என்றால், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 318 மில்லிவாட். அதே 10 மில்லிவாட் 400 மைக்ரான் இழையில் வந்தால் 80 தான். நாலில் ஒரு பங்கு. எனவே திறனை மட்டும் எழுதாமல், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எவ்வளவு, அலைநீளம் என்ன, எத்தனை மில்லிசெகண்ட் துடிப்பு, விநாடிக்கு எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு நேரம் என்று ஐந்தையும் எழுதுங்கள். சேனல்ரோடாப்சின்-2 அதிகம் மசிவது 470 நானோமீட்டரை ஒட்டிய நீலத்துக்கு, கிரிம்சன் 590-ஐ ஒட்டி. சிவப்புக்கும் கிரிம்சன் நன்றாகத் திறக்கும் என்பதால்தான் ஈக்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். ஈப்புழுவுக்கு நீலம் என்றாலே ஆகாது. கருவி எதுவும் ஏற்றாத புழுகூட நீல ஒளியைக் கண்டால் திரும்பி ஓடும். நீலத்தில் செய்த சோதனையில் புழு துள்ளினால், அது உங்கள் மரபணுவால் துள்ளியதா, சும்மா பயந்து துள்ளியதா என்று எப்படிச் சொல்வீர்கள்?

அளந்த இடத்தையும் எழுத வேண்டும். எல்இடியின் முகத்தில் அளந்த எண்ணுக்கும், பத்து சென்டிமீட்டர் கீழே புழு ஊரும் அகார் தட்டில் அளந்த எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. புழு இருக்கும் இடத்தில் அளங்கள். கைபேசியில் இருக்கும் லக்ஸ் மீட்டர் செயலியை நம்பாதீர்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் ருசிக்கு ஏற்ற கணக்கு, அடர்சிவப்பை அது ஏறக்குறைய கண்டுகொள்ளாது. பவர் மீட்டர் வாங்க வசதி இல்லையென்றால், வைத்திருக்கும் ஆய்வகத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறிப் போய், உங்கள் விளக்கை அங்கே அளந்து, ஒரு போட்டோடயோடை அதற்கு ஈடாக அளவிட்டுக் கொண்டுவந்துவிடுங்கள். வடசேரியில் காலையில் ஏறினால் திருவனந்தபுரம் போய் அளந்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

அப்புறம் ரெட்டினல். பாலூட்டிகளின் மூளையில் வேண்டிய அளவு ரெட்டினல் ஏற்கெனவே இருக்கிறது. ஈக்கு நாம்தான் உணவில் கலந்து கொடுக்க வேண்டும். நாங்கள் செய்வது இது: ஆல்-டிரான்ஸ் ரெட்டினல் 28.4 மில்லிகிராமை ஒரு மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்தால் 100 மில்லிமோலார் கரைசல். மஞ்சளாக, குங்குமப்பூ ஊறிய பால்போல இருக்கும். ஒரு மில்லிலிட்டர் உணவுக்கு 5 மைக்ரோலிட்டர் விட்டால் 0.5 மில்லிமோலார். சோளமாவுக் கூழ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் விட வேண்டும். அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வைக்க வேண்டும். ரெட்டினல் இல்லாமல் வெறும் எத்தனால் விட்ட கூழையும் அதே நாளில், அதே மாவில் செய்து வையுங்கள். அந்த எத்தனால் குப்பிப் புழு உருளக் கூடாது. உருண்டால் முதலில் உங்கள் விளக்கு அதைச் சுடுகிறதா என்று பாருங்கள்.

கடைசி வரிக்கு 'எப்போது வேலை செய்யாது' என்று தலைப்பு. இந்த வரியை எழுதக் கூச்சப்படாதீர்கள், சீட்டின் உயிரே அதுதான். எங்கள் சீட்டு ஒன்றில் இருப்பதை அப்படியே தருகிறேன்: 'ரெட்டினல் கூழ் இரண்டு வாரத்துக்கு மேல் பழசானால் உருளல் குறையும். டியூப்லைட் வெளிச்சத்தில் குப்பியைத் திறந்து வைத்து வேலை செய்தால் அன்று சோதனை வேண்டாம். மழைநாளில் அகார் தட்டின் மேல் தண்ணீர் தேங்கினால் புழு உருள முடியாமல் வழுக்கும், துடைத்துவிட்டுச் செய்யவும். தாய் ஈக்கும் ரெட்டினல் கொடுக்கவும்.' ஐப்பசியிலும் ஆனியிலும், இரண்டு பருவமழையும் வாங்கும் ஊரில் மட்டுமே எழுதக்கூடிய வரி அந்த மூன்றாவது.

மூன்றாம் படி: டிஎன்ஏவைத் தபாலில் அனுப்புவது

உலர்பனிக்கட்டி வேண்டாம். வடிதாள் போதும். தாளில் பென்சிலால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக வட்டம் போடுங்கள். பேனா வேண்டாம், மை கரைந்து டிஎன்ஏவோடு கலக்கும். வட்டத்துக்குள் ஒன்றிரண்டு மைக்ரோகிராம் பிளாஸ்மிட் கரைசலைச் சொட்டு விட்டு, காற்றில் உலரவிட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாதாரணத் தபாலில் அனுப்பலாம். பெறுகிறவர் வட்டத்தை வெட்டி, 50 முதல் 100 மைக்ரோலிட்டர் டிஇ (டிரிஸ்-இடிடிஏ) கரைசலில் ஊறவைத்து, அதில் சில மைக்ரோலிட்டரை எடுத்துப் பாக்டீரியாவுக்குள் ஏற்றினால் காலனி வந்துவிடும். வட்டம் போட மறந்து அனுப்புகிறவர்கள் உண்டு. வந்த தாள் முழுவதையும் வெட்டி ஊறப்போட்டு, எங்கே இருக்கிறது டிஎன்ஏ என்று ஒரு பிள்ளை என்னிடம் அழுதிருக்கிறாள்.

மரபணுவை நரம்பணுவுக்குள் கொண்டுபோகும் ஏஏவி வைரஸ் செய்வதற்கான பிளாஸ்மிட் என்றால் ஒரு எச்சரிக்கை. அதன் இரண்டு முனைகளிலும் இருக்கும் ஐடிஆர் பகுதிகளைச் சாதாரண பாக்டீரியா சத்தமில்லாமல் நறுக்கிப் போட்டுவிடும். அப்புறம் பிளாஸ்மிட் பார்க்க நன்றாகவே இருக்கும், வைரஸ்தான் வராது. எஸ்டிபிஎல்3 போன்ற, மறுசேர்க்கை குறைந்த பாக்டீரியாவில் வளர்க்கச் சொல்லுங்கள், எஸ்எம்ஏஒன் நொதியால் வெட்டி ஐடிஆர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு வாக்கியமும் தாளோடு போக வேண்டும்.

நான்காம் படி: உயிரை அனுப்புவது

ஈ பயணம் செய்யும், ஆனால் சூடு தாங்காது. 30 டிகிரியை ஒட்டித் தொடர்ந்து இருந்தாலே ஆண் ஈக்கள் மலடாகிவிடும். ஒரு சித்திரை மாதம் நான் அனுப்பிய பன்னிரண்டு குப்பிகள் ஒரு கூரியர் அலுவலகத்தின் தகரக் கூரையின் கீழே சனி, ஞாயிறு இரண்டு நாள் இருந்தன. போய்ச் சேர்ந்தபோது புழு ஆவியில் வெந்திருந்தது. அந்தக் கடைக்காரரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியது நான். அதற்கப்புறம் எங்கள் வழக்கம்: திங்கள் அல்லது செவ்வாய் மட்டும், பங்குனி முதல் வைகாசி வரை முடிந்தால் அனுப்புவதில்லை, பொங்கலுக்கும் ஓணத்துக்கும் முந்தைய வாரம் கிடையவே கிடையாது.

குப்பியில் கூழ் நீர்த்திருக்கக் கூடாது, கவிழ்ந்தால் ஈ அதில் ஒட்டிச் சாகும். வளர்ந்த ஈக்கள் கொஞ்சமும் கூட்டுப்புழுக்கள் நிறையவும் இருக்கும் குப்பியே நல்லது. வழியில் பெரியவர்கள் போனாலும் கூட்டுப்புழு பிழைத்துவிடும். ஒரே இனத்தை இரண்டு குப்பியில் அனுப்புங்கள், மூன்றாவதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை ஒட்டுத்தாளில் எழுதாமல் குப்பியின் மேலேயே எழுதுங்கள். ஈரத்தில் ஒட்டுத்தாள் கழன்று, ஆறு அநாதைக் குப்பிகளோடு நிற்பவரை எனக்குத் தெரியும். அவரைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

ரெட்டினல் கூழில் வைத்து அனுப்ப வேண்டாம். வழியில் வெளிச்சம் பட்டு வீணாகும். சாதாரணக் கூழில் அனுப்பி, ரெட்டினல் முறையைச் சீட்டில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: விளக்கும் நிரலும்

விலை உயர்ந்த ஒளிக்கருவி இல்லாமலே ஆப்டோஜெனிடிக்ஸ் செய்யலாம் என்பதற்கு வழிகாட்டிய திறந்தமுறைக் கருவிகள் பல உண்டு. 2017-இல் வெளியான ஃப்ளைபை என்ற வடிவமைப்பு, முப்பரிமாண அச்சில் வார்த்த உடலும் ராஸ்பெர்ரி பை கணினியும் சேர்ந்த சின்ன நுண்ணோக்கி. ஒளியூட்டும் பகுதியையும் அதில் இணைக்கலாம். நரம்பு மின்னலைகளைப் பதிய ஓப்பன் எஃபிஸ், அசைவைத் தடம்பிடிக்க டீப்லேப்கட் என்று மற்றவையும் இலவசமாகக் கிடைக்கின்றன.

நீங்கள் செய்த விளக்கைப் பகிரும்போது சுற்றுப்படம், பாகங்களின் பட்டியல், எந்தக் கடைப் பாகம் கிடைக்காவிட்டால் எதைப் போடலாம் என்பது, நிரல், ஒரு நிமிட வீடியோ ஆகியவற்றைச் சேருங்கள். கைபேசியில் எடுத்த வீடியோவே போதும், ஆனால் கை தெரிய வேண்டும். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதை எழுத்தில் எத்தனை எழுதினாலும் வராது.

ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை வைத்து விளக்கின் பிரகாசத்தைக் குறைக்கிறவர்களுக்கு ஒரு கொசுறு. 'பாதி வெளிச்சம்' என்று நிரலில் போட்டால் விளக்கு பாதியாக எரிவதில்லை. முழுசாக எரிந்து அணைந்து, அதன் ஊனோ வகைப் பலகையில் பெரும்பாலான இணைப்புக் கால்களில் (பின்களில்) விநாடிக்கு 490 தடவை சிமிட்டுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சேனலுக்குப் போய்ச் சேருவது துடிப்பு துடிப்பாகத்தான். 'பாதித் திறன்' என்று கட்டுரையில் எழுதிவிட்டு, இன்னொருவர் உண்மையாகவே மின்னோட்டத்தைப் பாதியாக்கிச் செய்து பார்த்து முடிவு வேறாக வந்தால், இருவருமே பொய் சொல்லவில்லை. எழுதும்போது எந்த முறையில் மங்கவைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

நிரலை கிட்ஹப்பில் போடுங்கள், ஆனால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். அது நாளைக்கு அழிக்கக்கூடிய இடம். செர்ன் நடத்தும் ஜெனோடோவில் ஒரு பிரதி ஏற்றினால் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும், மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். உரிமத்தை மறக்க வேண்டாம். உரிமம் எழுதாத நிரலைச் சட்டப்படி யாரும் எடுத்தாள முடியாது. நிரலுக்கு எம்ஐடி, குறிப்புகளுக்கும் படங்களுக்கும் சிசி-பிஒய் என்று போட்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆறாம் படி: முடிவுகள், தோற்றவையும் சேர்த்து

கட்டுரை இதழில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2013 முதல் இருக்கும் பயோஆர்க்கைவில் முன்பதிப்பாக ஏற்றலாம், பணம் கட்ட வேண்டாம். செய்முறையைத் தனியாக புரோட்டோகால்ஸ்.ஐஓ தளத்தில் படிப்படியாக எழுதினால் பின்னால் திருத்தவும் முடியும். தாய் ஈக்கு ரெட்டினல் கொடுக்கும் விஷயம் எங்கள் செய்முறையில் இப்போது மூன்றாவது படி.

'வேலை செய்யவில்லை' என்பதை வெளியிடத்தான் நமக்குத் தயக்கம். இந்தத் துறையில் மிகப் பயன்பட்ட சில கட்டுரைகள் அந்த ரகம். உப்பு நுண்ணுயிர் ஒன்றிலிருந்து வந்த ஆர்க்கீரோடாப்சினை வைத்து நரம்பணுக்களை அடக்குவது 2010-க்குப் பிறகு பரவலானது. 2016-இல் ஒரு குழு சோதித்துக் காட்டியது: நரம்பு முனைகளில் அதை நீண்ட நேரம் இயக்கினால் உள்ளே காரத்தன்மை ஏறி, கால்சியம் கூடி, தானாகச் செய்தி விடுவது குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. அடக்க வைத்த கருவி தூண்டிவிட்டது. 2019-இல் இன்னொரு கட்டுரை, சேனலே ஏற்றாத எலி மூளையிலும் வெறும் ஒளி தரும் சூடு சில நரம்பணுக்களின் வேகத்தை மாற்றுகிறது என்று காட்டியது. இவற்றை எழுதியவர்கள் மூடி வைத்திருந்தால் எத்தனை பேர் சூட்டை வெளிச்சம் என்று நினைத்துப் பட்டம் வாங்கியிருப்பார்கள்!

உங்களிடமும் அப்படி ஏதாவது இருக்கும். ஒரு பக்க முன்பதிப்பாகவாவது போடுங்கள்.

ஏழாம் படி: கேட்பது

கொடுக்கத் தெரிந்தவர்களுக்கும் கேட்கத் தெரிவதில்லை. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மகத்தான ஆய்வைக் கண்டு வியந்தேன்' என்று இரண்டு பத்தி ஓட்டிவிட்டு, என்ன வேண்டும் என்று சொல்லாத கடிதங்களை நானே பார்த்திருக்கிறேன். மூன்று வரி போதும்: எந்தக் கட்டுரையில் வந்த எந்தக் கருவி, எதற்கு வேண்டும், அனுமதியும் தபால் செலவும் என் பொறுப்பு. சேமிப்பகத்தில் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் எரிச்சல்படுவார்கள், நியாயமாகவே. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து, கட்டுரையின் முதல் ஆசிரியருக்கு எழுதுங்கள். குப்பியைக் கையில் வைத்து வேலை செய்தது அவராகத்தான் இருக்கும்.

ஏற்கெனவே வெளியான கருவியைக் கொடுத்ததற்காக ஆசிரியர் பட்டியலில் இடம் கேட்பது முறையல்ல. நன்றி சொல்வதும் மேற்கோள் காட்டுவதும் போதும். வெளியாகாத கருவி என்றால் கதை வேறு, கொடுக்கும் முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.

எட்டாம் படி: நேரில் உட்காருவது

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். இரண்டு கல்லூரி ஆசிரியர்கள், சில ஆய்வு மாணவர்கள், ஒரு கண் மருத்துவர், மின்னணுக் கடை வைத்திருக்கும் ஒருவர். எங்கள் எல்இடிக்கு நிலையான மின்னோட்டம் தரும் சுற்றை வடிவமைத்தது அவர்தான், முனைவர் யாரும் இல்லை. முதல் அரை மணி நேரம் ஒரு புதுக் கட்டுரை. அதில் முடிவைப் படிப்பதில்லை, செய்முறைப் பகுதியை மட்டும் படித்து, 'இதை வைத்து நம் அறையில் நாளைக்கே செய்ய முடியுமா, என்ன விடுபட்டிருக்கிறது' என்று எழுதுகிறோம். விடுபட்டதை அந்த ஆசிரியர்களுக்கே எழுதிக் கேட்கிறோம். பாதிப் பேர் பதில் போடுகிறார்கள். ரசவடையும் டீயும் வந்த பிறகு மேசைக்கு.

ஒரு தடவை புழு உருள்வதைப் பார்க்க கண் மருத்துவர் குனிந்தார். அறை இருட்டு. பிள்ளை ஒருத்தி தூரிகை நுனியை நனைத்து, புழு ஒன்றைக் கூழிலிருந்து எடுத்து அகார் மேல் விட்டாள். அது தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, நேராக ஊர ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. புழு ஒரு கணம் நின்று, வில்லாக வளைந்து, பம்பரத்தைப் படுக்கப் போட்டதுபோல் பக்கவாட்டில் இரண்டு சுற்று உருண்டது. விளக்கு அணைந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் ஊர்ந்து போனது. "இன்னொருக்கா போடு மக்களே" என்றார் மருத்துவர். நாலு தடவை போட்டோம்.

பிறகு அவர் கேட்டதுதான் எல்லோரும் கேட்பது: "எனக்கிட்ட வார பார்வையில்லாதவங்களுக்கு இது ஆகுமா?" இந்தக் கேள்விக்கு அளந்து பதில் சொல்லப் பழகுங்கள், அதுவும் பகிர்வில் சேர்த்திதான். 2021-இல் விழித்திரை நிறமிச் சிதைவால் பார்வை போன 58 வயதுக்காரர் ஒருவருக்கு, கண்ணுக்குள் கிரிம்சன் வகைச் சேனல் ஏற்றி, ஒளியை மாற்றித் தரும் விசேஷக் கண்ணாடி மாட்டி, மேசை மேல் இருந்த பொருளைக் கண்டு தொட முடிந்தது என்று வெளியானது. கண்ணாடியைக் கழற்றினால் அது முடியவில்லை. முகம் தெரிவது, படிப்பது இதெல்லாம் அந்தக் கட்டுரையில் இல்லை. இவ்வளவுதான் சொன்னேன். அவர் கண்ணாடி விஷயத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டார்.

கடைசிப் படி: பத்தாம் நாள் ஃபோன்

25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈ வர ஏறக்குறைய பத்து நாள். அதனால் குப்பி போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் நீங்களே ஃபோன் செய்யுங்கள். அவர்களாகக் கூப்பிட மாட்டார்கள். ஆறு வாரம் வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பார்கள், நான் இருந்தேன். "உருண்டதா?" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் நாலு கேள்வி: கூழ் என்றைக்குச் செய்தது, குப்பி எங்கே நிற்கிறது, வெளிச்சத்தை எங்கே வைத்து அளந்தீர்கள், எத்தனால் குப்பி என்ன செய்கிறது. பேசும்போது பேனாவைக் கையில் வைத்திருங்கள். அவர்கள் சொல்லும் ஏதோ ஒன்று உங்கள் சீட்டில் இருக்காது, அடுத்த குப்பி புறப்படும் முன்னால் அதை எழுதிச் சேர்க்க வேண்டும்.